பர்மிஷன்: யார் யாரைக் கேட்பது?

1

தொழிற்சாலை ஊர்களில் 'பர்மிஷன்' என்ற சொல்லுக்குத் தீர்மானமான ஒரு அர்த்தம் உண்டு. ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் பிந்தி வருவதற்கோ முந்திக் கிளம்புவதற்கோ தொழிலாளி மேலதிகாரியிடம் கேட்பதுதான் பர்மிஷன். "பர்மிஷன் போட்டுட்டு வந்தேன்" என்று நெய்வேலியில் ஒருவர் சொன்னால், யார் கேட்டார், யார் கொடுத்தார் என்று யாரும் விசாரிப்பதில்லை. கேட்பவர் கீழே, கொடுப்பவர் மேலே. அந்தச் சொல்லுக்குள்ளேயே அதிகாரத்தின் திசை எழுதப்பட்டிருக்கிறது.

ஸ்மார்ட்போன் இந்தத் திசையைத் தலைகீழாக்கிவிட்டதுபோல் ஒரு தோற்றத்தைத் தருகிறது. ஒரு செயலியைத் திறந்தால் அது நம்மைக் கேட்கிறது: உங்கள் இருப்பிடத்தை அறியலாமா? குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா? கீழே இரண்டு பொத்தான்கள், ஒன்று 'அனுமதி', மற்றது 'அனுமதிக்காதே'. பெரிய கம்பெனி கைகட்டி நிற்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி விரலால் உத்தரவிடுகிறார். இந்தக் காட்சி எந்த அளவுக்கு உண்மை?

இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குவது, செல்போனின் அமைப்புகளுக்குள் பலர் கண்டிருக்கக்கூடிய ஒரு சிறிய செயலி. பெயர் 'சிம் டூல்கிட்'. நாம் அதை நிறுவவில்லை. ஆனால் அனுமதிப் பட்டியலைத் திறந்தால் அதற்கு 'போன்', 'எஸ்.எம்.எஸ்.' என்ற அனுமதிகள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கும். யார் கொடுத்தது? எடுத்துவிடலாமா? எடுத்தால் செல் வேலை செய்யாமல் போயிடுமா? சங்க வேலை செய்பவர்கள், எழுதுகிறவர்கள், நிலத்துக்காகப் போராடுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற நியாயமான கேள்விகள் இவை. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் நாம் பேசவேண்டிய அரசியல் இருக்கிறது.

2

சிம் என்பது ஏதோ எண் பொறித்த பிளாஸ்டிக் துண்டு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. சிம் ஒரு கணினி. அதற்கென்று ஒரு செயலகம், நினைவகம், சின்னச் சின்ன நிரல்கள் எல்லாம் உண்டு. 1991இல் ஜெர்மனியின் கீசெக்க உண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்காக முதல் சிம் அட்டைகளைத் தயாரித்துக் கொடுத்தது. அதற்குள் இரண்டு முக்கியமான விஷயங்கள் வைக்கப்பட்டன. ஒன்று, சந்தாதாரரைக் குறிக்கும் எண் (ஐ.எம்.எஸ்.ஐ.). இன்னொன்று, ஒரு ரகசியச் சாவி. அந்தச் சாவியின் நகல் கம்பெனியிடம் இருக்கும். போனைக் கையில் வைத்திருக்கும் நமக்கு அதைப் படிக்க வழியில்லை. 'நீ நீதானா?' என்று வலைப்பின்னல் கேட்கும்போது நமக்காகப் பதில் சொல்வது அந்தச் சாவிதான்.

1990களின் நடுவில் இந்தக் குட்டிக் கணினிக்குப் பேசும் உரிமையும் கொடுக்கப்பட்டது. அதுதான் டூல்கிட் தரநிர்ணயம். அதுவரை போன் கேட்கும், சிம் பதில் சொல்லும். இப்போது சிம்மே போனுக்கு ஆணையிட முடியும்: திரையில் இந்த வாசகத்தைக் காட்டு, இந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பு, இந்த எண்ணை அழை, இணைய உலாவியைத் திற, இப்போது எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறாய் என்று சொல், உன் கருவியின் அடையாள எண்ணை (ஐ.எம்.இ.ஐ.) கொடு. இவற்றுக்கெல்லாம் தரநிர்ணய ஏடுகளில் தனித்தனி ஆணைகள் இருக்கின்றன. ரகசியம் ஒன்றுமில்லை, பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கம்பெனி சிம்மோடு எப்படிப் பேசும்? அதற்கென்று ஒருவகைக் குறுஞ்செய்தி உண்டு. அது வந்தால் மணி அடிக்காது, திரையில் தெரியாது, இன்பாக்ஸில் நிற்காது. போன் அதை வாங்கி நேராக சிம்மிடம் தள்ளிவிடும். வலைப்பின்னல் அமைப்புகளைப் புதுப்பிக்க, ரோமிங் பட்டியலை மாற்ற என்று நியாயமான காரணங்களுக்காகவே இந்த வழி உருவாக்கப்பட்டது. ஆனால் வாசல் என்று ஒன்று இருந்தால் அதில் வேறு ஆட்களும் நுழையலாம். 2013இல் பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர் கார்ஸ்டன் நோல், பழைய 56 பிட் குறியாக்கத்தைப் பயன்படுத்திய சிம்களின் சாவியை உடைத்து உள்ளே நிரலேற்ற முடியும் என்று காட்டினார். 2019 செப்டம்பரில் டப்ளினின் அடாப்டிவ்மொபைல் செக்யூரிட்டி நிறுவனம் 'சிம்ஜாக்கர்' என்று பெயரிட்ட தாக்குதலை வெளிப்படுத்தியது. மெக்சிகோவிலும், குறைந்த அளவில் கொலம்பியா, பெரு நாடுகளிலும், சிம்முக்குள்ளிருந்த பழைய உலாவி நிரல் ஒன்றுக்கு மறைமுகக் குறுஞ்செய்தி அனுப்பி, ஆட்களின் இருப்பிடத்தைத் திருப்பி வாங்கியிருந்தார்கள். போன்காரருக்கு ஒன்றுமே தெரியாது. எந்த பர்மிஷன் பொத்தானும் அவர் முன் தோன்றவில்லை.

இங்கே மிகைப்படுத்தலுக்கும் இடம் கொடுக்கக்கூடாது. சிம் நம் போட்டோக்களைப் பார்க்காது; வாட்ஸ்அப்பில் எழுதியதைப் படிக்காது. அதற்குக் கொடுக்கப்பட்ட ஆணைகளின் எல்லைக்குள்தான் அது இயங்கும். பயத்தை ஊதிப் பெருக்குவதும் அதிகாரத்துக்குச் செய்கிற ஒரு சேவைதான். 'எல்லாத்தையும் பாக்கறான், என்னத்தப் பண்ணி என்ன ஆவப்போவுது' என்ற சலிப்பில் போய் அது முடியும்.

3

ஆக, 'சிம் டூல்கிட்' என்று திரையில் தெரியும் செயலி, சிம் தன் பட்டியலைக் காட்டுவதற்கான ஒரு ஜன்னல் மட்டுமே. ஜன்னலை மூடலாம். வீட்டுக்காரர் போய்விடமாட்டார்.

நெய்வேலி வாசகருக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தெரிந்தவர்களுக்குக் குடியிருப்பதற்கும் சொந்தமாக வைத்திருப்பதற்கும் உள்ள தூரம் தெரியும். திரைச்சீலை உங்களுடையது, முருங்கை மரம் நீங்கள் நட்டது, வாசல் கோலம் உங்களுடையது. வீடு கம்பெனியுடையது. ஓய்வு பெற்றால் காலி பண்ணவேண்டும். செல்போனை நாம் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம், தவணை கட்டுகிறோம். ஆனால் அதற்குள் இருக்கும் சிம் ஒரு குவார்ட்டர்ஸ். எண் அரசு ஒதுக்கியது, கம்பெனி நமக்கு உள்ஒதுக்கீடு செய்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவாலானபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் கையிலிருந்த செல் செத்துப்போய், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற அலைந்தார்களே, அப்போது நம் எண் எந்த அளவுக்கு நம்முடையது என்பது எல்லோருக்கும் புரிந்தது. இப்போது வரும் இ-சிம்மிலும் இந்த உறவு மாறவில்லை. அட்டை மறைந்துவிட்டது; சாவியும் அதன் உரிமையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதற்கும் மேலே இன்னொரு அடுக்கு உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பிலிருந்து 'கேரியர் பிரிவிலேஜ்' என்ற ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. சிம்முக்குள் ஒரு பட்டியல் இருக்கும்: 'இந்த மின்கையெழுத்து உள்ள செயலி நம்ம ஆள்' என்று. அந்தக் கையெழுத்துள்ள செயலி போனில் நிறுவப்பட்டிருந்தால், அது நம்மைக் கேட்காமலேயே சில அதிகாரங்களைப் பெறும். சந்தாதாரர் எண்ணைப் படிக்கலாம், வலைப்பின்னல் அமைப்பை மாற்றலாம், குறுஞ்செய்தி வந்துபோகும் பாதையில் தலையிடலாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, சாதாரணச் செயலிகள் கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் படிக்கக்கூடாது என்று தடுத்தது. அந்தரங்கத்தைக் காக்கும் நல்ல முடிவு. ஆனால் கம்பெனியின் கையெழுத்துள்ள செயலிக்கு அந்தத் தடை இல்லை. கேமரா, மைக், தொடர்புப் பட்டியல் ஆகியவற்றுக்கு மட்டும் அதுவும் நம்மைக் கேட்டாகவேண்டும்.

கவனியுங்கள்: பொத்தான் தோன்றும் இடத்தில் நாம் எஜமானர்கள். பொத்தானே தோன்றாத இடங்கள் எவை என்பதை வேறு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அனுமதித் திரை எதைக் கேட்கிறது என்பதைவிட எதைக் கேட்காமல் விடுகிறது என்பதே அதன் உண்மையான வாசகம்.

4

'கம்பெனிக்காரன் நம்ம சம்மதம் இல்லாம ஒண்ணும் பண்ணமாட்டான்' என்று நம்புகிறவர்களுக்கு நம் நாட்டு வரலாறு இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது.

முதலாவது, சில்லறைத் திருட்டு. பட்டன் போன் காலத்தில் திரையில் திடீரென்று ஒரு வாசகம் மின்னும்: சினிமாப் பாட்டு வேண்டுமா, ராசிபலன் வேண்டுமா, கிரிக்கெட் வேண்டுமா. அணைக்க நினைத்து எதையாவது அமுக்கினால் அது 'சரி' ஆகிவிடும். மறுநாள் 'காசு புடிச்சிட்டான்' என்று ரீசார்ஜ் கடையில் சண்டை. இந்த மாதிரி வாசகங்களைத் திரைக்குக் கொண்டுவந்த வழிகளில் ஒன்று சிம் டூல்கிட். புகார்கள் பெருகி, 2013 ஜூலையில் டிராய் தலையிட்டு, இத்தகைய சேவைகளுக்கு வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறையும் உறுதி வாங்கவேண்டும் என்று உத்தரவிட்டது. தவறி அமுங்கிய ஒரு பொத்தான்கூடச் 'சம்மதம்' என்று கணக்கில் ஏறிய காலம் அது.

இரண்டாவது, பெரிய கணக்கு. 2017 மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை எல்லா சிம்களையும் ஆதாரோடு இணைக்கச் சொன்னது. கடைக்குப் போனோம், விரலை வைத்தோம். எதற்கு விரலை வைத்தோம்? சிம்மைச் சரிபார்க்க. ஆனால் அந்த விரல்ரேகையைக் கொண்டே ஏர்டெல் நிறுவனம் தன் பேமெண்ட்ஸ் வங்கியில் பல லட்சம் வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் அறியாமலேயே கணக்குத் திறந்தது. அரசு கொடுக்கும் சமையல் எரிவாயு மானியம் பழைய வங்கிக் கணக்குக்குப் போகாமல் இந்தப் புதுக் கணக்கில் போய் விழுந்தது. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2018 செப்டம்பர் 26இல் உச்சநீதிமன்றம், சிம்மோடு ஆதாரை இணைக்கச் சொன்ன உத்தரவுக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று ரத்து செய்தது. ஆனால் வைத்த விரலை யாரும் திருப்பித் தரவில்லை. 2023இன் தொலைத்தொடர்புச் சட்டம், சந்தாதாரரை உயிரளவை அடையாளத்தின் மூலம் உறுதி செய்யவேண்டும் என்பதைச் சட்டப் பிரிவாகவே உள்ளே கொண்டுவந்துவிட்டது. நீதிமன்றம் வாசல் வழியே அனுப்பியது, நாடாளுமன்றத்தின் ஜன்னல் வழியே திரும்பி வந்தது.

5

இதுவரை பேசியதெல்லாம் போனுக்குள் இருப்பவை. போனுக்கு வெளியே இருப்பது இன்னும் பெரிது. அதற்கு சிம்மின் தந்திரம் எதுவும் தேவையில்லை.

செல்போன் வேலை செய்யவேண்டுமானால் அது எங்கே இருக்கிறது என்று வலைப்பின்னலுக்குத் தெரிந்தாகவேண்டும். இல்லாவிட்டால் அழைப்பை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? ஜி.பி.எஸ்ஸை அணைக்கலாம், எல்லாச் செயலிகளுக்கும் இருப்பிட அனுமதியை மறுக்கலாம். கோபுரத்துக்கு அது பொருட்டல்ல. யார் யாரை, எப்போது, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் கீழிருந்து அழைத்தார் என்ற பட்டியல்தான் சி.டி.ஆர். எனப்படும் அழைப்பு விவரப் பதிவு. இதை ஓராண்டு வைத்திருக்கவேண்டும் என்றிருந்த உரிம நிபந்தனையை 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை இரண்டாண்டு என்று மாற்றியது. பேசியது என்ன என்று அதில் இருக்காது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு நாலு பேருக்கு அடுத்தடுத்து அழைப்பு போயிருந்தால், காலையில் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தால், பேசியது என்ன என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

நெய்வேலியை வைத்து யோசிப்போம். 2023 ஜூலை 26இல் வளையமாதேவியில் கதிர் வந்த நெற்பயிருக்குள் என்.எல்.சி.யின் மண்தோண்டி இயந்திரங்கள் இறங்கின. 28ஆம் தேதி ஆர்ச் கேட் அருகே நடந்த போராட்டம் கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை என்று முடிந்தது. அதே நாட்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இப்படி ஒரு நாளில் ஒரு கோபுரத்தின் கீழிருந்த எல்லா எண்களையும் மொத்தமாகக் கேட்டு வாங்கும் முறை ஒன்று காவல்துறை விசாரணைகளில் உண்டு. 'டவர் டம்ப்' என்பார்கள். அந்தப் பட்டியலில் கல்லெறிந்தவரும் இருப்பார், கோஷம் போட்டவரும் இருப்பார், பஸ்ஸுக்கு நின்றவரும் இருப்பார், பால் வாங்கப் போன அம்மாவும் இருப்பார். பட்டியலுக்கு அவர்களுக்குள் வித்தியாசம் தெரியாது. வித்தியாசத்தை விசாரிப்பவர் கண்டுபிடிப்பார், தன் தேவைக்கு ஏற்ப. அன்று அங்கே அப்படி வாங்கினார்கள் என்று சொல்லவரவில்லை; வாங்க நினைத்தால் குறுக்கே நிற்பது எது என்பதே கேள்வி.

பெகாசஸ் விவகாரம் 2021இல் வெடித்தபோது நம் கவனமெல்லாம் இஸ்ரேலின் விலையுயர்ந்த உளவு மென்பொருள் மீது குவிந்தது. கவலைப்படவேண்டியதுதான். ஆனால் ஒரு தாலுகா அளவிலான சங்கத் தலைவர்மீது யாரும் கோடிகளைச் செலவழிக்கப் போவதில்லை. அவருக்கு ஒரு கடிதம் போதும். உயர் காவல் அதிகாரியின் கோரிக்கை, கம்பெனியின் பதில், ஒரு எக்செல் தாள். இதில் நீதிபதி எவரும் முன்கூட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியதில்லை. தனக்கு இப்படி நடந்தது என்று சந்தாதாரருக்குப் பின்னாளில்கூடத் தெரிவிக்கப்படுவதில்லை. 2013இல் அருண் ஜெட்லியின் அழைப்புப் பதிவுகளையே டெல்லியில் ஒரு காவலரும் தனியார் துப்பறிவாளர்களும் சேர்ந்து எடுக்கப் பார்த்துக் கைதானார்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கே இந்தக் கதி.

பேச்சையே ஒட்டுக்கேட்பதற்குக் கொஞ்சம் உயரமான வேலி உண்டு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம் என்றது. 1996 டிசம்பர் 18இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம், உள்துறைச் செயலர் நிலையில்தான் உத்தரவு, அதை ஒரு மறுஆய்வுக் குழு பார்க்கவேண்டும் என்று நெறிகள் வகுத்தது. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2025 ஜூலை 2இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு ஊழல் வழக்கில் 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். குற்றத்தைத் துப்பறிய உதவும் என்பதே பொது அவசரநிலை ஆகிவிடாது, மறுஆய்வுக் குழுவின் முன் வைக்காததும் தவறு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதங்களில் ஒன்று இது. ஆனாலும் 1996 தொடங்கி 2023 சட்டம், 2024 டிசம்பர் விதிகள் வரை ஒரு விஷயம் மாறவில்லை: உத்தரவிடுபவரும் அரசு அதிகாரி, மறுஆய்வு செய்பவர்களும் அரசு அதிகாரிகள். மாமியார் தப்பு செய்தாரா என்று மாமனார் விசாரிக்கிறார்.

6

ஃபூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நம் சூழலில் நிறையப் பேசப்பட்ட நூல். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள்; கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று தெரியாததாலேயே கைதி தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறான். செல்போன் கோபுரத்தைப் பார்த்ததும் இந்தப் படிமத்தை அப்படியே பொருத்திவிட ஆசை வரும். ஆனால் நம் கோபுரம் கைதியை அச்சுறுத்தவில்லை. அது அவனுக்குச் சேவை செய்கிறது. சிக்னல் கிடைக்காவிட்டால் அவனே மொட்டை மாடிக்கு ஏறித் தேடுகிறான்.

இதை நன்றாகப் பிடித்தவர் டெலூஸ். 1990இல் எழுதிய 'கட்டுப்பாட்டுச் சமூகங்கள்' பற்றிய சிறு குறிப்பில், கத்தாரி கற்பனை செய்த ஒரு நகரத்தைச் சொல்கிறார். அங்கே ஒருவர் தன் வீட்டை, தெருவை, வட்டாரத்தை விட்டு வெளியேற ஒரு மின்னணு அட்டை வைத்திருப்பார். அட்டை தடுப்பைத் திறக்கும். ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் திறக்காமலும் போகலாம். அங்கே முக்கியம் தடுப்பு அல்ல, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளும் கணினிதான். வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரியம், வாயிலில் காவல், சட்டைப்பையில் அடையாள அட்டை என்று வாழும் நெய்வேலிக்காரருக்கு இந்தக் கற்பனை அந்நியமாக இருக்காது. சிம்மும் ஒரு அட்டைதானே. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டபோது லட்சக்கணக்கான அட்டைகள் ஒரே நேரத்தில் தடுப்பைத் திறக்க மறுத்தன.

இந்த இடத்தில்தான் 'அனுமதி' என்ற சொல்லாடலின் வேலை தெரிகிறது. ஒரு சமூக உறவை அது தனிமனிதனின் விரல் அசைவாகச் சுருக்குகிறது. நாம் 'அனுமதி' அமுக்கினால் பொறுப்பு நம்முடையது; 'அனுமதிக்காதே' அமுக்கினால் நாம் பாதுகாப்பாக உணர்கிறோம். இரண்டிலும் கம்பெனியும் அரசும் காட்சியிலிருந்து மறைந்துவிடுகின்றன.

2025 நவம்பர் 28இல் தொலைத்தொடர்புத் துறை பிறப்பித்த இரண்டு உத்தரவுகள் இந்த மறைப்பைச் சற்றே விலக்கின. ஒன்று, புதிய போன்கள் அனைத்திலும் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலியை முன்கூட்டியே நிறுவவேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பி, டிசம்பர் 3இல் அந்தக் கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது. மற்றது, வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்ற செயலிகள் பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் இயங்கவேண்டும் என்றது. மோசடியைத் தடுக்க என்பது காரணம். மோசடியில் பணம் இழந்தவர்கள் நம்மிடையே நிறைய உண்டு, அந்தக் காரணத்தை எள்ளி நகையாட முடியாது. ஆனால் முதல் உத்தரவுக்கு எழுந்த சத்தம் இரண்டாவதற்கு எழவில்லை. செயலி கண்ணுக்குத் தெரிகிறது, சிம் தெரிவதில்லை. பேச்சு, எழுத்து, கூட்டம் எல்லாவற்றையும் அடையாளம் சரிபார்க்கப்பட்ட ஒரே அட்டையில் கட்டிப்போடுவதன் அர்த்தத்தை நாம் இன்னும் விவாதிக்கவே தொடங்கவில்லை.

7

நம் தோழர்கள் சிலரிடம் ஒரு மறுப்பு உண்டு: அந்தரங்கம் என்பது நடுத்தர வர்க்கத்தின் கவலை, ஓட்டு வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுப்பவனுக்கு ஏது அந்தரங்கம்? இந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அது அந்தரங்கத்தைச் சொத்து மாதிரிப் பார்க்கிறது. அதிகாரத்தோடு உள்ள உறவாகப் பார்த்தால் கணக்கு தலைகீழாகும்.

எத்தனை பெண்களின் சிம் அவர்கள் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில், அண்ணன் பெயரில், புருஷன் பெயரில் வாங்கிய சிம்தான் பல வீடுகளில். பதிவில் யார் பெயரோ அவர்தான் கம்பெனிக்குச் சந்தாதாரர். 'சிம் தொலைஞ்சுபோச்சு' என்று போய் மாற்று சிம் வாங்கும் உரிமை அவருக்கே. புதிய சிம் உயிர்பெற்றால் பழையது செத்துவிடும், வங்கியின் ஓ.டி.பி. முதல் வாட்ஸ்அப் பதிவு வரை அவர் கைக்குப் போகும். கம்பெனி கொடுக்கும் சி.யு.ஜி. எண்ணிலும் இதே கதைதான்: பில் யாருக்குப் போகிறதோ விவரமும் அவருக்குத்தான்.

இன்னொன்று. சாதி மாறிக் காதலித்து ஊரைவிட்டுப் போகும் பிள்ளைகளைத் தேடுவதற்கான முதல் வழி, 'பெண்ணைக் காணவில்லை' என்ற புகாரும், அதன்மேல் எடுக்கப்படும் டவர் விவரமும்தான். நெய்வேலிக்குப் பக்கத்தில், விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், 2003 ஜூலையில் கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டார்கள். குற்றவாளிகளின் தண்டனையை உச்சநீதிமன்றம் உறுதி செய்ய 2025 வரை ஆனது. அன்று இருவரையும் தேடிப் பிடிக்கச் செல்போன் தேவைப்படவில்லை. இன்று அப்படி ஓடுகிறவர்களின் பையில் சிம் இருக்கிறது. எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறார்கள் என்ற விவரம் தெரிந்த காவலர் ஒருவர் வழியாக வெளியே கசிந்தால் அது உயிர்ப் பிரச்சினை. அந்தரங்கம் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் இவர்களை மனதில் வைத்துக் கேட்கட்டும்.

8

செய்யக்கூடியவை என்ன? தனியாளாகச் செய்யக்கூடியவை கொஞ்சம் உண்டு. அவற்றை அற்பம் என்று தள்ளவேண்டியதில்லை.

சிம்முக்கு பின் எண் போடுங்கள். போன் தொலைந்தால் அந்த சிம்மை வேறு போனில் சொருகி ஓ.டி.பி. வாங்குவதை அது தடுக்கும். மூன்று முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், திறக்கும் பி.யு.கே. எண் கம்பெனியிடம் உண்டு, முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள். வாட்ஸ்அப், சிக்னல் இரண்டிலும் தனி பின் எண் அமைக்கலாம். மாற்று சிம் வாங்கி உங்கள் கணக்கைப் பிடிப்பதற்கு அது குறுக்கே நிற்கும். கம்பெனியின் செயலி அவசியமில்லை என்றால் நீக்குங்கள். வைத்திருந்தால் இருப்பிடம், தொடர்புப் பட்டியல் இரண்டையும் மறுங்கள். சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் கம்பெனிக்குத் திறந்த அஞ்சலட்டை. உறுப்பினர் பட்டியல், சாட்சிகளின் பெயர்களை அதில் அனுப்பாதீர்கள். முனைக்கு முனை குறியாக்கம் உள்ள செயலி உள்ளடக்கத்தை மறைக்கும். நீங்கள் எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்தீர்கள் என்பதை மறைக்காது. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 வரை அனுமதி. கட்டாயச் செயலியை எதிர்ப்பதும், அரசு தரும் பயனுள்ள வசதியைப் பயன்படுத்துவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. வீட்டுப் பெண்களின் சிம்மை அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். இது இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு அரசியல் காரியம்.

ஆனால் பொத்தான்களோடு நின்றுவிட்டால் இந்தக் கட்டுரை தோற்றுப்போனதாக அர்த்தம். கூட்டாகக் கேட்கவேண்டியவை வேறு. அழைப்புப் பதிவுகளையும் கோபுரப் பட்டியலையும் தருவதற்கு முன் ஒரு நீதிபதியின் எழுத்துமூலமான உத்தரவு. விசாரணை முடிந்த பிறகு, 'உன் விவரம் எடுக்கப்பட்டது' என்று உரியவருக்குத் தகவல். ஆண்டுக்கு எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன என்று மாவட்டவாரியாக வெளியீடு. சிம்முக்குள் என்னென்ன நிரல்கள் வைத்து விற்கிறார்கள் என்று ஒவ்வொரு கம்பெனியும் அறிவிக்கவேண்டும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் பெறும் உரிமையைத் தருகிறது. தமிழில் கொடு என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். அதே சட்டம் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளவும் வழி செய்கிறது. அதைத் தமிழில் விமர்சித்து எழுதுவது நம் வேலை.

ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் பிந்தி வர ஒரு தொழிலாளி காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலே கொடுத்து, ஒப்புதல் வாங்குகிறார். அந்தத் தாள் கோப்பில் நிற்கிறது. அதே தொழிலாளியின் இரண்டாண்டு நடமாட்டத்தை எடுப்பவர்கள் அவரிடமோ ஒரு நீதிபதியிடமோ அந்த அளவுக்காவது பர்மிஷன் போடவேண்டாமா?